எத்தனை டன் தாங்கும்? எஸ்.பி.சி. எண்ணும் வானக்குழியும் ஒத்துவராதபோது பார்க்க வேண்டியவை

"நம்ம இடத்து மண்ணு எத்தனை டன் தாங்கும் சார்?" வீடு கட்டப் போகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். பதிலையும் பெரும்பாலும் அவர்களே கையில் வைத்திருப்பார்கள்: மண் பரிசோதனை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்ட 18 டன், இல்லாவிட்டால் மேஸ்திரி வானக்குழியை (அஸ்திவாரத்துக்குத் தோண்டிய குழியை) எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்ன "இருபது தாராளம்". இரண்டும் சரியாக இருக்கலாம், இரண்டும் தப்பாகவும் இருக்கலாம். எஸ்.பி.சி. (மண் பாதுகாப்பாகத் தாங்குகிற சுமை) என்பது மண்ணோடு கூடப் பிறந்த எண் கிடையாது. எவ்வளவு அகலமான ஃபூட்டிங் (தூணுக்கு அடியில் போடுகிற கான்கிரீட் பாதம்), எவ்வளவு ஆழத்தில், நிலத்தடி நீர் எங்கே நிற்கும்போது, எத்தனை மில்லிமீட்டர் இறங்கினால் பொறுத்துக்கொள்வோம் என்ற நான்கும் மண்ணோடு சேர்ந்துதான் அந்த எண்ணைத் தருகின்றன. நான் பார்த்த தகராறுகளில் முக்கால்வாசி, இந்த நான்கில் ஒன்றை யாரோ எழுதாமல் விட்டதால் வந்தவை.

அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன், உங்களுக்குப் பொருந்துகிற இடத்துக்கு நேராகப் போகலாம். இதில் டன் என்று வருவதெல்லாம் சதுர மீட்டருக்கு இத்தனை டன் என்ற கணக்கு (அறிக்கையில் கிலோநியூட்டனில் இருந்தால் தோராயமாகப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்). அதற்கு முன்னால் ஐந்து நிமிடம் ஒதுக்கி ஒரு கணக்கு மட்டும் போட்டுவிடுங்கள்.

முதலில் வீட்டின் எடை

12 அடிக்கு 12 அடி இடைவெளியில் காலம் (கான்கிரீட் தூண்) நிற்கிற சாதாரண மாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். நடுக் காலம் ஒன்றின் பங்குக்கு 144 சதுர அடி, அதாவது 13.4 சதுர மீட்டர். மேலே இரண்டு ஸ்லாப். ஸ்லாப், தரைப்பூச்சு, ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து ஒரு தளத்துக்குச் சதுர மீட்டருக்கு ஒரு டன் என்று போட்டால் 27 டன். சுவர், பீம், காலம் என்று இன்னொரு 8 டன். ஆக 35. ஃபூட்டிங்கின் எடைக்காக இன்னும் பத்து சதவீதம் சேர்த்தால் 38.5 டன்.

இதை 15 டன் மண்ணில் வைக்க 2.6 சதுர மீட்டர் வேண்டும், 1.6 மீட்டர் சதுர ஃபூட்டிங் போதும். 20 டன் என்றால் 1.4 மீட்டர். 10 டன் என்றால் 2 மீட்டர். 5 டன் என்றால் 2.8 மீட்டர், ஆனால் காலங்களுக்கு நடுவே இருப்பதே 3.65 மீட்டர்தான். ஒரு ஃபூட்டிங்கும் பக்கத்து ஃபூட்டிங்கும் கிட்டத்தட்ட முட்டிக்கொள்ளும், அந்த நிலையில் தனித்தனி ஃபூட்டிங்கை விட்டுவிட்டு ராஃப்ட் (வீட்டுக்கு அடியில் முழுக்க ஒரே கான்கிரீட் பலகையாகப் போடுகிற அஸ்திவாரம்) பற்றி யோசிக்க வேண்டியதுதான்.

ஆகவே 15-ஆ 18-ஆ என்று மேஸ்திரியோடு மல்லுக்கட்டாதீர்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு அங்குலக் கான்கிரீட்டைத் தாண்டி அதில் ஒன்றும் இல்லை. 10-ஆ 5-ஆ என்பதில்தான் வீடே மாறுகிறது.

அறிக்கை எண்ணை நம்ப முடியவில்லை, அல்லது இரண்டு அறிக்கை இரண்டு விதமாகச் சொல்கிறது

ஒரே மனையில் ஒருவர் 11 டன் என்றும் இன்னொருவர் 17 டன் என்றும் கொடுத்திருப்பார்கள். ஒருவர் ஏமாற்றுகிறார் என்றுதான் வீட்டுக்காரருக்குத் தோன்றும். அதற்குள் அறிக்கையில் "அனுமதிக்கப்பட்ட இறக்கம்" என்ற வரியைத் தேடுங்கள். எஸ்.பி.டி. சோதனையில் (குழாயைச் சுத்தியலால் தட்டி மண்ணுக்குள் இறக்கித் தட்டுகளை எண்ணுவது, விவரம் கீழே) 10 வந்த மணலுக்கு, தண்ணீர் ஆழத்தில் இருந்தால், 25 மி.மீ. இறக்கத்துக்குச் சுமார் 11 டன் வரும். அதே மணலுக்கு 40 மி.மீ. வரை இறங்கலாம் என்று வைத்தால் 17-ஐத் தாண்டும். மண் ஒன்றுதான், பொறுமைதான் வேறு. நம் நாட்டுத் தரநிலையான ஐ.எஸ். 1904 கான்கிரீட் கட்டடங்களின் தனி ஃபூட்டிங்குக்கு மணலில் 50 மி.மீ. வரையும் களியில் 75 மி.மீ. வரையும் விடுகிறது. ஆனால் அது உச்ச வரம்பு. செங்கல் சுவரும் டைல்ஸும் உள்ள வீட்டுக்கு நான் 25-ஐத் தாண்ட விரும்புவதில்லை.

அடுத்து நெட்டா கிராஸா என்று பாருங்கள். தோண்டி எடுத்த மண்ணின் எடையைக் கழித்த எண் நெட், கழிக்காதது கிராஸ். 1.5 மீட்டர் ஆழத்தில் இந்த வித்தியாசம் 2.7 டன் வரும். 20 டன் மண்ணில் இது பெரிய விஷயமில்லை, 10 டன் மண்ணில் கால் பங்குக்கு மேல்.

மூன்றாவது தப்பு கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் நடக்கிறது. மண் உடைகிற எண் 36 என்று ஒரு பக்கத்தில் இருக்கும், அதை 3-ஆல் வகுத்துப் பாதுகாப்பான எண் 12 என்று அடுத்த பக்கத்தில் இருக்கும். டிசைன் செய்கிறவர் அவசரத்தில் 36-ஐ எடுத்துக்கொள்வார், இல்லை அதிஜாக்கிரதையாக 12-ஐ மறுபடி 3-ஆல் வகுத்து 4 ஆக்கிவிட்டு ராஃப்ட் போடச் சொல்வார். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது பாதுகாப்பானதுதான், ஆனால் வீட்டுக்காரரின் பணம் மண்ணுக்குள் போய்விடும்.

எண் நியாயமா என்று நீங்களே ஒரு சோதனை செய்யலாம். மணலாக இருந்தால், தண்ணீர் ஆழத்தில் இருக்கும்போது, எஸ்.பி.டி. எண்ணிக்கை ஒன்றுக்கு ஒரு டன் (25 மி.மீ. இறக்கத்துக்கு). களியாக இருந்தால், பக்கவாட்டுப் பிடிமானமில்லாமல் நசுக்கிய சாம்பிளின் வலிமை எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவே எஸ்.பி.சி. இது மந்திரம் இல்லை. மண் பொறியியல் நிபுணர் ஸ்கெம்ப்டன் 1951-இல் கொடுத்த கணக்குப்படி, அகலமும் ஆழமும் சமமான சதுர ஃபூட்டிங்குக்குக் களியின் வெட்டு வலிமையை (சறுக்கிப் பிளக்காமல் தாங்குகிற வலிமையை) 7.2-ஆல் பெருக்கி 3-ஆல் வகுக்க வேண்டும், அதாவது 2.4 மடங்கு. நசுங்கும் வலிமை என்பது வெட்டு வலிமையின் இரண்டு மடங்கு. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். எஸ்.பி.டி. 6 காட்டுகிற களிக்கு 25 டன் என்று எழுதியிருந்தால் அறிக்கையைத் திருப்பிக் கொடுங்கள். அந்தக் களிக்கு 7, 8, மிஞ்சினால் 9.

எஸ்.பி.டி. எண்ணிக்கை தாறுமாறாகக் குதிக்கிறது

63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விட்டு, குழாய் 45 செ.மீ. இறங்க எத்தனை தட்டு என்று எண்ணுவார்கள். முதல் 15 செ.மீ. தட்டுகள் கணக்கில் வராது, அடுத்த இரண்டு பதினைந்தையும் கூட்டினால் வருவதுதான் 'என் வேல்யூ'. 4, 7, 9 என்று பதிவாகியிருந்தால் மதிப்பு 16.

அறிக்கையின் சுருக்கத்தில் இந்தக் கூட்டுத்தொகை மட்டும் இருக்கும். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது துளைப் பதிவேடு, மூன்று எண்களும் தனித்தனியாக இருக்கிற தாள். 3 மீட்டரில் 8, 4.5 மீட்டரில் 50-க்கு மேல், 6 மீட்டரில் 9 என்று இருந்தால் நடுவில் கெட்டி அடுக்கு வந்திருக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள். தனித்தனி எண்களைப் பார்த்தால் 5, 6, அப்புறம் ஒரேயடியாக 50 என்று நின்றிருக்கும். குழாய் வாயில் ஒரு சரளைக்கல்லோ சுக்கான் (சுண்ணாம்புக் கல்) கட்டியோ சிக்கியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சராசரி எடுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. கடற்கரைப் பக்கம், ஆற்றங்கரைப் பக்கம், நல்ல மணல் என்று ஊரே சொல்லும், என் வேல்யூ மட்டும் 3, 4 என்று வரும். துளைக்குள் தண்ணீர் மட்டம் வெளியே உள்ள நிலத்தடி நீருக்குக் கீழே போய்விட்டால் கீழிருந்து மணல் கொதித்துக்கொண்டு துளைக்குள் ஏறும், அப்படிக் கலைந்த மணலைத் தட்டினால் என்ன எண் வரும்? துளை போடும்போது உள்ளே தண்ணீரை எப்போதும் வெளி மட்டத்துக்கு மேலேயே வைத்திருந்தார்களா என்று கேளுங்கள். கேஸிங் குழாய்க்குள் (துளை சரியாமல் இருக்க இறக்குகிற குழாய்) ஓரிரு அடி மணல் ஏறிக் கிடந்தது என்று துளை போட்ட பையன் சொன்னால் அந்த எண் செல்லாது.

தண்ணீருக்குக் கீழே இருக்கிற மென்மணல், வண்டல் கலந்த மணல் என்றால் 15-க்கு மேல் வருகிற எண் கொஞ்சம் ஊதிப்போன எண். 15-க்கு மேலே உள்ளதில் பாதியைத்தான் எடுக்க வேண்டும். 25 வந்தால் 20.

கடப்பாரை இறங்கவே இல்லை, அறிக்கை மட்டும் 8 டன் என்கிறது

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் பக்கத்துக் கரிசலில் பங்குனி, சித்திரையில் வானம் தோண்டியவர்களுக்கு இது தெரியும். கடப்பாரையைப் போட்டால் 'டங்'கென்று கல்லில் பட்ட மாதிரி துள்ளும். "இந்த மண்ணுக்கா எட்டு டன்?" என்று கொத்தனார் சிரிப்பார். அதே குழியை ஐப்பசி மழைக்கு அப்புறம் போய்ப் பாருங்கள். கட்டைவிரல் முழுசாக உள்ளே போகும், காலை எடுத்தால் செருப்பு வராது.

களியின் வலிமை அதில் உள்ள ஈரத்தைப் பொறுத்தது. கோடையில் எடுத்த சாம்பிளை வந்த ஈரத்திலேயே சோதித்தால் 25 டன்கூட வரும். ஆய்வுக்கூடம் சாம்பிளை நன்றாக ஊறவைத்துச் சோதித்து 8 தந்திருந்தால் அவர்கள் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உங்கள் அறிக்கையில் கோடைத் தேதியும் பெரிய எண்ணும் சேர்ந்து இருந்தால், ஊறவைத்துச் சோதித்தீர்களா என்று ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்கள்.

கட்டைவிரல் சோதனையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தேசியக் கட்டடக் குறியீட்டின் உத்தேச அட்டவணையே விரலை வைத்துத்தான் களியைப் பிரிக்கிறது. கட்டைவிரல் சில செ.மீ. உள்ளே போனால் 5 டன், மிதமாக அழுத்தினால் பதிந்தால் 10, பலமாக அழுத்தினால்தான் பதியும் என்றால் 15, நகம்தான் பதியும் என்றால் 25 பக்கம். புதிதாக வெட்டிய, ஈரம் உலராத பரப்பில் மட்டும்தான் இதைச் செய்ய வேண்டும். இரண்டு நாள் வெயில் பட்ட குழியில் எல்லாக் களியும் 25 டன்தான்!

ஆனால் கரிசலில் தாங்குதிறனை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கினால் உண்மையான வில்லனை விட்டுவிடுவோம். அது வீக்கம். கரிசல் நனைந்து உப்பும்போது மேல்நோக்கித் தள்ளுகிற அழுத்தம் 10 டன்னைத் தாண்டுவது அபூர்வமல்ல. ஒற்றைமாடிச் சுவரின் அஸ்திவாரம் கீழே கொடுக்கிற அழுத்தமோ 5 டன் பக்கம். யார் ஜெயிப்பார்கள்? மூன்று மாடி வீடு அசையாமல் நிற்கும், அதன் காம்பவுண்டுச் சுவர் பாம்பு மாதிரி நெளிந்திருக்கும். அந்தப் பக்கத்துத் தெருக்களில் நடந்தாலே இதைப் பார்க்கலாம்.

உங்கள் மண் எவ்வளவு உப்பும் என்று தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடத்தில் ஒரு எளிய சோதனை உண்டு. 425 மைக்ரான் சல்லடையில் சலித்த காய்ந்த மண் 10 கிராம் வீதம் இரண்டு 100 மி.லி. அளவுக் குழாயில் போட்டு, ஒன்றில் காய்ச்சி வடித்த தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய் ஊற்றி 24 மணி நேரம் விட வேண்டும். மண்ணெண்ணெயில் மண் உப்பாது, அதுதான் ஒப்பிடுவதற்கான அளவு. மண்ணெண்ணெயில் 10 மி.லி. நின்று தண்ணீரில் 16 மி.லி. வரை ஏறினால் 60 சதவீதம். 20-க்குக் கீழே பயமில்லை, 35-க்கு மேல் கவனம், 50-க்கு மேல் அந்த மண்ணில் சாதாரண ஃபூட்டிங் போடுவதை மறந்துவிடுங்கள். நான் இதை இரண்டு நேரான கண்ணாடி டம்ளரில் வீட்டு வாசற்படியிலேயே செய்து காட்டியிருக்கிறேன். சாயங்காலம் சமமாக இருந்த இரண்டு மண்ணும் மறுநாள் சாயங்காலம் இருந்த கோலத்தைப் பார்த்த பிறகு அந்த வீட்டுக்காரர் எஸ்.பி.சி. பற்றிப் பேசவே இல்லை, பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்குகிற கான்கிரீட் தூண்) எத்தனை என்று மட்டும் கேட்டார்.

தீர்வு என்ன என்றால், ஈரம் வருஷம் முழுக்க மாறாத ஆழத்துக்குப் போவது. ஆழமான கரிசலில் சுமார் 3.5 மீட்டர். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதற்காகவே வளர்த்தெடுத்த குமிழ் வைத்த பைல், தண்டைப் போல் இரண்டரை மடங்கு அகலக் குமிழோடு, இந்த ஆழத்தில் போய்ப் பிடித்துக்கொள்ளும். கரிசல் ஆழமில்லாமல் ஐந்து ஆறு அடியிலேயே சுக்கான் வந்துவிட்டால் அதிலேயே உட்கார வைப்பது மலிவு. வானத்தில் ஆற்று மணலைக் கொட்டி நிரப்பினால் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். சுற்றிலும் களி, நடுவில் மணல் என்றால் மழைத்தண்ணீர் வந்து தேங்க நீங்களே தொட்டி கட்டிக் கொடுத்த மாதிரி.

குழியில் தண்ணீர் நிற்கிறது, அடிமண் சேறாகிவிட்டது

இரண்டு விதம். மழை பெய்து மேலிருந்து வந்த தண்ணீரா, கீழிருந்து ஊறுகிறதா? இறைத்துவிட்டு ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் மறுபடி அதே மட்டத்துக்கு நின்றால் அது நிலத்தடி நீர்.

மழைத்தண்ணீர் என்றால் கணக்கில் பெரிய மாற்றம் இல்லை, வேலையில்தான். சேறான மண்ணை, கெட்டி மண் தெரிகிற வரை கையால் வழித்து எடுங்கள். பத்து செ.மீ. போகலாம், முப்பதும் போகலாம். எடுத்த ஆழத்தை மண்ணால் நிரப்பக் கூடாது, பி.சி.சி. (ஃபூட்டிங்குக்கு அடியில் போடுகிற, கம்பி இல்லாத கான்கிரீட்) கலவையாலேயே நிரப்புங்கள். சேற்றின் மேல் ஜல்லியைக் கொட்டி மிதித்து அதன் மேல் கான்கிரீட் போடுவது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது, சேறு அப்படியே ஜல்லிக்குள் இருந்துகொண்டு பின்னால் மெதுவாக நசுங்கும். முன்கூட்டியே தப்பிக்க ஒரு பழக்கம்: ஜேசிபி தோண்டும்போது கடைசி அரை அடியை விட்டுவிடச் சொல்லுங்கள். அதைப் பி.சி.சி. போடுகிற அன்று காலையில் ஆள் வைத்து வெட்டி, அன்றே மூடிவிடுங்கள்.

நிலத்தடி நீர் என்றால் கணக்கே மாறும். தண்ணீருக்குள் மூழ்கிய மணலின் எடை ஏறக்குறையப் பாதி ஆகிவிடுகிறது, மணலின் தாங்குதிறன் அந்த எடையிலிருந்துதான் வருகிறது. ஃபூட்டிங் அடியிலிருந்து அதன் அகலம் அளவுக்குக் கீழே தண்ணீர் இருந்தால் ஒன்றும் குறைக்க வேண்டாம். தரைமட்டம் வரை வந்துவிட்டால் பாதி. 16 என்று வந்த எண் 8. சோதனை வைகாசியில் நடந்ததா கார்த்திகையில் நடந்ததா என்பது இங்கேயும் முக்கியம். பக்கத்துக் கிணற்றில் மழைக்காலத்தில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கும் என்று அந்த வீட்டுப் பாட்டியைக் கேட்டால் எந்த அறிக்கையையும் விடத் தெளிவான பதில் கிடைக்கும்.

ஒரு மூலையில் பாறை, மறு மூலையில் மண்

பார்க்க அதிர்ஷ்டம் மாதிரி இருக்கும். உண்மையில் மனையிலேயே மோசமான நிலை இதுதான். பாறையில் நிற்கிற காலம் இறங்காது, மண்ணில் நிற்கிறது 20 மி.மீ. இறங்கும், இரண்டுக்கும் நடுவே உள்ள சுவர் கிழியும். அடுத்தடுத்த காலங்களுக்கு இடையே உள்ள இறக்க வித்தியாசம், இடைவெளியில் 300-இல் ஒரு பங்கைத் தொட்டாலே சுவரில் விரிசல் தொடங்கும். 3.65 மீட்டருக்கு அது வெறும் 12 மி.மீ. எல்லாக் காலமும் சமமாக 40 மி.மீ. இறங்கினால் வீட்டுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

முதலில் அது பாறைதானா, குண்டுக்கல்லா என்று பாருங்கள். சிதைந்த பாறை நிலங்களில் வீடு அளவுக்கு உருண்டைக் கற்கள் மண்ணுக்குள் மிதந்துகொண்டிருக்கும். சம்மட்டியால் தட்டினால் சத்தத்தில் ஓரளவு தெரியும், சந்தேகம் தீரப் பாறைக்குள் 3 மீட்டராவது துளைத்துப் பார்க்க வேண்டும். நிஜப் பாறை என்றால், மற்ற குழிகளிலும் எட்டுகிற ஆழத்தில் அது இருந்தால் எல்லாவற்றையும் அதுவரை தோண்டி மெலிந்த (சிமென்ட் குறைந்த) கான்கிரீட்டால் நிரப்பி மேலே கொண்டுவாருங்கள். எட்டாத ஆழம் என்றால் பாறைப் பக்கத்தை ஓர் அடிக்குக் குறையாமல் உடைத்து இறக்கி மணல் மெத்தை கொடுப்பது ஒரு வழி, வீட்டையே இரண்டாகப் பிரித்து நடுவில் இடைவெளி விடுவது இன்னொரு வழி. எது என்று உங்கள் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் குழியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், வாட்ஸ்அப் ஃபோட்டோவைப் பார்த்து இல்லை.

பிளேட் லோட் டெஸ்ட் பிரமாதம், ஆனாலும் கட்டடம் இறங்கியது

30 செ.மீ. இரும்புத் தகட்டைக் குழியில் வைத்து ஜாக்கியால் அழுத்தி, டயல் கேஜில் இறக்கம் பார்க்கிற சோதனை. கண் முன்னால் நடப்பதால் வீட்டுக்காரர்களுக்கு இதில் நம்பிக்கை அதிகம். ஆனால் தகட்டின் அழுத்தம் அதன் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழம் வரைதான் உருப்படியாகப் போகும், அதாவது வெறும் இரண்டடி. 2 மீட்டர் ஃபூட்டிங்கின் அழுத்தமோ 4 மீட்டர் வரை போகிறது. மூன்று மீட்டரில் ஒரு மெத்தைக் களி படுத்திருந்தால் தகடு அதை உணரவே உணராது, உங்கள் வீடு உணரும்.

கனடாவின் வின்னிபெக் பக்கத்தில் டிரான்ஸ்கோனா என்ற ஊரில் கட்டிய தானியக் களஞ்சியம் 1913 அக்டோபர் 18-ஆம் தேதி தானியம் நிரப்பும்போது சாயத் தொடங்கி, ஒரு நாளைக்குள் சுமார் 27 டிகிரி சாய்ந்து நின்றது. அங்கேயும் மேல்மட்டத்தில் தகடு வைத்துச் சோதித்துத்தான் கட்டினார்கள். மேலே கெட்டியான களி, அடியில் மெத்தென்ற களி. பல வருஷம் கழித்துத் துளை போட்டுப் பார்த்தபோதுதான் அடியில் இருந்தது தெரிந்தது. கட்டடம் உடையாமல் அப்படியே சாய்ந்ததால் நிமிர்த்தி வைத்துப் பயன்படுத்தினார்கள் என்பது வேறு கதை.

அதனால் தகட்டுச் சோதனையோடு குறைந்தபட்சம் ஒரு துளையாவது வேண்டும், ஃபூட்டிங் அடியிலிருந்து அதன் அகலத்தைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆழம் வரை. ஃபூட்டிங்குகள் நெருக்கமாக இருந்தால் அவை சேர்ந்து ஒரே பெரிய ஃபூட்டிங் மாதிரி அழுத்தும், அங்கே கட்டடத்தின் அகலத்தையே கணக்கில் எடுங்கள். இன்னொன்று, தகடு இறங்கிய அளவை அப்படியே ஃபூட்டிங்குக்கு எழுதக் கூடாது. களியில் அகலத்துக்கு நேர் விகிதமாக இறக்கம் கூடும்: 30 செ.மீ. தகடு 5 மி.மீ. இறங்கினால் 1.5 மீட்டர் ஃபூட்டிங் 25 மி.மீ. மணலில் அவ்வளவு கூடாது, எவ்வளவு அகலம் போனாலும் நாலு மடங்கைத் தாண்டாது.

வீடு கட்டியாயிற்று, விரிசல் வந்துவிட்டது

பதறி உடனே அஸ்திவாரத்தைத் தோண்டாதீர்கள். மொட்டைமாடி ஸ்லாபுக்கு நேர் கீழே படுக்கையாக ஓடுகிற விரிசல் வெயிலால் வந்தது. காலமும் செங்கல் சுவரும் சேருகிற இடத்தில் நேர்கோடாக வருவது பூச்சுப் பிரச்சினை. மண்ணால் வருகிற விரிசல் ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி சாய்வாக ஏறும். மேலே அகலமாகவும் கீழே மெலிந்தும் இருந்தால் வீட்டின் ஓரம் இறங்குகிறது (அல்லது நடு எழும்புகிறது). கீழே அகலமாக இருந்தால் நடு இறங்குகிறது.

விரிசலின் இரண்டு பக்கமும் ஒரு ஆணி அடித்து, ஆணிக்கும் ஆணிக்கும் உள்ள தூரத்தை மாதம் ஒருமுறை அளந்து சுவரிலேயே தேதியோடு பென்சிலால் எழுதுங்கள். ஒரு வருஷம். இதற்குப் பொறுமை இருக்கிறவர்கள் குறைவு, ஆனால் இதைவிட மலிவான சோதனை கிடையாது. சித்திரையில் விரிந்து கார்த்திகையில் மூடினால் மண் உலர்ந்து நனைகிற விளையாட்டு, உங்கள் எஸ்.பி.சி. சரியாகவே இருந்திருக்கலாம். சுவரை ஒட்டி வேப்பமரம் இருக்கிறதா, கூரைத் தண்ணீர் அஸ்திவாரத்தின் மேலேயே விழுகிறதா என்று பாருங்கள். சுற்றிலும் ஒரு மீட்டருக்கு மேல் அகலமாகத் தளம் போட்டு வெளிப்பக்கம் சரிவு கொடுத்தாலே பல வீடுகள் அமைதியாகிவிடும்.

மாதாமாதம் கூடிக்கொண்டே போய், கூடுகிற வேகம் மட்டும் குறைந்தால் களி தண்ணீரைக் கக்கி மெதுவாக நசுங்குகிறது. பெரும்பாலும் தானே நிற்கும். நின்ற பிறகு பூசுங்கள், முன்னால் பூசினால் மறுபடி பூச வேண்டியிருக்கும். திடீரென்று ஒரே மூலையில் வந்தால் அங்கே செப்டிக் டேங்க் கசிகிறதா, பைப் உடைந்திருக்கிறதா, பக்கத்து மனையில் பேஸ்மென்ட் தோண்டுகிறார்களா என்று பாருங்கள். கடைசியில் சொன்னது மணலில் ரொம்ப ஆபத்து. உராய்வுக் கோணம் 30 டிகிரி உள்ள சாதாரண மணலில், ஃபூட்டிங்குக்குப் பக்கத்தில் மேலே கிடக்கிற ஒவ்வொரு மீட்டர் மண்ணும் உடைகிற எண்ணில் 33 டன் சேர்க்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் அந்த மண்ணைத்தான் லாரியில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறார். அங்கே அளந்துகொண்டு இருக்க வேண்டாம், வேலையை நிறுத்தச் சொல்லி முட்டுக் கொடுங்கள்.

தரை மட்டும் இறங்கியது, சுவர் அப்படியே இருக்கிறது

இது எஸ்.பி.சி. பிரச்சினையே இல்லை. பேஸ்மட்டத்துக்கு நிரப்பிய கிராவலை அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இடிக்காமல் ஒரே நாளில் கொட்டியிருக்கிறார்கள். டைல்ஸைப் பெயர்த்து, நிரப்பலை ஓரடிக்குக் குறைவான அடுக்குகளாக மறுபடி இடித்துப் போடுங்கள்.

குழியில் சாம்பல், பாலிதீன், செங்கல் துண்டு, கறுத்த நாற்றமடிக்கிற மண்

அது நிலம் இல்லை, யாரோ மூடிய குட்டை. இந்த மண்ணுக்கு எஸ்.பி.சி. கேட்காதீர்கள், கொடுக்கிறவரிடம் வேலையும் கொடுக்காதீர்கள். நிரப்பிய மண் மேலே எதுவும் வைக்காவிட்டாலும் தன் எடையாலேயே வருஷக்கணக்கில் இறங்கும், அடியில் கிடக்கிற குப்பை மக்கிக்கொண்டே இருக்கும். நிரப்பலைத் தாண்டி இயல்பு மண்ணைத் தொடுகிற வரை போக வேண்டும், அது பத்தடியானாலும் சரி, இல்லாவிட்டால் பைல்.

வாங்குவதற்கு முன்னால் கண்டுபிடிக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள பதிவேட்டில் அந்தப் புல எண் நஞ்சையா புஞ்சையா என்று பாருங்கள். நஞ்சை என்றால் மேலடுக்கு மெத்தென்ற களியாக இருக்க வாய்ப்பு அதிகம். தெருப் பெயரில் குளமோ ஊருணியோ இருந்தால் யோசியுங்கள். மூடிய கிணறு இதைவிடத் தந்திரமானது. மனையின் நடுவில் போட்ட ஒரு துளை அதைத் தவறவிட்டுவிடும், ஒரே ஒரு காலம் அதன் மேல் போய் உட்காரும். ஒருமுறை பதினொரு குழியில் ஒரே மாதிரி செம்மண், பன்னிரண்டாவதில் மட்டும் நாலடிக்குக் கீழே உதிரி மண்ணும் ஒரு துருப்பிடித்த ராட்டினமும். வேலை நின்றது, எதிர் வீட்டுப் பெரியவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அட, இங்கதான் எங்க கமலைக் கிணறு இருந்துச்சு" என்றார். மனைக்காரர் அவரிடம் முன்னாலேயே கேட்டிருந்தால் அந்தக் காலத்தை ஆறடி தள்ளி வைத்திருப்போம். அப்புறம் கிணற்றின் இரு பக்கமும் ஃபூட்டிங் போட்டு மேலே ஒரு கனத்த பீமைப் பாலம் மாதிரி ஓட்டி, அதன் மேல்தான் அந்தக் காலத்தை நிறுத்தினோம்.